ஆங்கிலக் கூட்டுச்சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது? ஒரு முழுமையான வழிகாட்டி

‘வேலை கொடு’ என்றால் ஒரு பொருள், ‘வேலைக் கொடு’ என்றால் வேறு பொருள். முதலாவது பிழைக்க வழி கேட்கிறது, இரண்டாவது ஆயுதம் கேட்கிறது. நடுவில் வந்து உட்கார்ந்த ஒரு க் தான் வித்தியாசம். தமிழில் இரண்டு சொற்களுக்கு நடுவே என்ன உறவு என்பதை இப்படிப்பட்ட ஒற்றுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் ஒற்று மிகாது. அங்கே இந்த வேலையைச் செய்வது அழுத்தம். ‘கிரீன்’, ‘ஹவுஸ்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும்போது முன்சொல்லை அழுத்தினால் அது செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். பின்சொல்லை அழுத்தினால் பச்சை வண்ணம் அடித்த வீடு. இரண்டையும் ஒரே கனத்தில் சொன்னால், கேட்பவர் சூழ்நிலையை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகித்தும் விடுவார். ஆனால் சொல்லுக்குச் சொல் ஊகிக்க வைத்தால் பத்து நிமிடத்தில் களைத்துப்போவார். இலக்கணப் பிழையே இல்லாத ஆங்கிலம் பேசியும் ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்ற கேள்வி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

படிக்கத் தொடங்கும் முன் இரண்டு குறிகள். அசை பிரியும் இடத்தில் சிறு கோடு (-) போடுகிறேன். முதன்மை அழுத்தம் விழும் இடத்துக்கு முன்னால் ˈ என்ற மேற்கோடு போடுகிறேன். பெரும்பாலான அகராதிகளிலும் இதே மேற்கோடுதான், அதுவும் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு அகராதி பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எல்லாச் சொல்லும் தலைகீழாகிவிடும். வரியின் கீழே தொங்கும் கோடு இரண்டாம்நிலை அழுத்தம். சொற்களின் பெயர்களுக்கு நம் புணர்ச்சி இலக்கணத்திலேயே நல்ல சொற்கள் இருப்பதால் முன்னால் நிற்பதை நிலைமொழி, பின்னால் வருவதை வருமொழி என்றே சொல்கிறேன்.

முதல் படி: அசையைக் காதால் எண்ணுங்கள்

தமிழ் எழுத்தில் ‘பிளாக்போர்டு’ என்று எழுதிப் பாருங்கள். பி-ளாக்-போர்-டு என்று நான்கு அசை வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டே அசைதான். ‘பி’யில் உள்ள இகரமும் ‘டு’வில் உள்ள உகரமும் நாம் கொடுத்த இனாம். மெய்யெழுத்தில் சொல் தொடங்குவதும் வல்லின மெய்யில் முடிவதும் தமிழுக்குப் பழக்கமில்லை. அதனால் வாய் தானாக ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்கூல் இஸ்கூல் ஆனதும், பஸ் பஸ்ஸு ஆனதும் இப்படித்தான். தனிச்சொல்லில் இது பெரிய தொல்லை இல்லை. கூட்டுச்சொல்லில் நிலைமொழியின் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டால் இரண்டு சொற்களும் விலகிவிடும், அழுத்தத்தின் தாளமும் கெடும். ‘பிளாக்கு போர்டு’ என்று சொல்லிவிட்டு, முன்னால் அழுத்தினோமா பின்னால் அழுத்தினோமா என்று தேடிப் பயனில்லை.

இன்னொரு குழப்பமும் வரும், பள்ளியில் யாப்பு படித்தவர்களுக்கு. அங்கே ‘புளிமா’ என்பது நிரை, நேர் என இரண்டு அசை. ஆங்கிலக் கணக்கில் அது பு-ளி-மா, மூன்று. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். குறிலிணைந்து நிரையாவதெல்லாம் இங்கே கிடையாது. எனவே நேர் நிரையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

எண்ணுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வாயை மூடிக்கொண்டு சொல்லை மெல்ல முனகுங்கள். எத்தனை துடிப்பு கேட்கிறதோ அத்தனை அசை. தாடைக்கு அடியில் கை வைத்து, அது எத்தனை தடவை இறங்குகிறது என்று எண்ணச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இகர ஒலியில் தாடை அசைவதே தெரியாது, ஆகவே எனக்கு முனகல்தான் பிடிக்கும். டூத்-பிரஷ் இரண்டு. நியூஸ்-பே-பர் மூன்று. டே-பிள்-கிளாத் மூன்று. இதில் ‘பிள்’ என்ற இடத்தில் உயிரொலி இருப்பதாகவே தெரியாது, ள் போன்ற அந்த ஒலியே அசையைத் தாங்கிக்கொள்கிறது. எழுத்தில் நீளமாகத் தெரியும் புதன்கிழமை ஆங்கிலத்தில் வெறும் ‘வென்ஸ்-டே’, இரண்டு. ‘ஃபயர்’ போன்ற சொற்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். அகராதிகளே அதில் ஒத்துப்போவதில்லை, நீங்களும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இரண்டாம் படி: முதலில் மூட்டைக் கண்டுபிடியுங்கள்

கூட்டுச்சொல்லை அசை பிரிக்கும்போது முதல் வெட்டு எப்போதும் நிலைமொழியும் வருமொழியும் சேரும் மூட்டில்தான் விழ வேண்டும். உள்ளே பிரிப்பது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைச் சாலைக் குழிக்கான சொல்லில் பார்க்கலாம். அது ‘பாட்’டும் ‘ஹோலு’ம் சேர்ந்தது. எழுத்தில் டி-யும் ஹெச்-சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் சேர்த்து ‘த’ என்று படித்து ‘பாதோல்’ என்பவர்கள் உண்டு. மூட்டைப் பார்த்தவர் பாட்-ஹோல் என்பார். சட்டத்தில் உள்ள ஓட்டைக்கான ‘லூப்-ஹோல்’ இதே கதை. அங்கே பி-யும் ஹெச்-சும் சேர்ந்து ஃபகரமாகிவிடும் ஆபத்து. வெட்டுக்கிளிக்கு வரும் ‘கிராஸ்-ஹாப்-பர்’ இன்னும் வேடிக்கை. இரண்டு எஸ்ஸுக்குப் பின் ஒரு ஹெச் நிற்க, அவசரக்காரர் அதைக் ‘கிராஷாப்பர்’ ஆக்கிவிடுவார்.

மூட்டு எங்கே என்பது காதிலும் தெளிவாகக் கேட்கும். இரவு நேரக் கட்டணத்துக்கு நைட்-ரேட். வேதியியலில் வரும் உப்புக்கு நை-ட்ரேட். ஒலிகள் அதே ஒலிகள், அதே வரிசை, அழுத்தமும் இரண்டிலும் முன்னால்தான். ஆனால் ட் எந்தப் பக்கம் சேருகிறது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. நைட்-ரேட்டில் ட் முதல் அசையை மூடுகிறது. நாக்கு மேலே போய் ஒட்டி அப்படியே நிற்கிறது, வெடிப்பதில்லை, அதற்கு முந்தைய ‘ஐ’யும் குறுகிவிடுகிறது. நை-ட்ரேட்டில் ட், ர-வோடு கலந்து கிட்டத்தட்ட ச்ர போல உரசிக்கொண்டு வருகிறது, ‘ஐ’ தாராளமாக நீள்கிறது. ஐஸ்-கிரீம், ஐ-ஸ்கிரீம் என்ற பழைய ஜோடியும் இப்படித்தான். ‘ஐஸ்’ என்பதில் முடிந்துவிட்டால் அடுத்த க் காற்றோடு வெடிக்கும். ‘நான் அலறுகிறேன்’ என்ற பொருளில் வரும் ‘ஸ்கிரீம்’ என்பதில் க் காற்றில்லாமல் தமிழ் ககரம் போலவே இருக்கும்.

இரட்டை மெய்யைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இது நாம் எளிதாக வெல்லக்கூடிய இடம். ஆங்கிலத் தனிச்சொல்லில் எழுத்து இரட்டித்தாலும் ஒலி இரட்டிப்பதில்லை. ‘ஆப்பிள்’, ‘ஹாப்பி’, ‘லெட்டர்’ எல்லாவற்றிலும் அவர்கள் சொல்வது ஒற்றை மெய்தான். நாம்தான் ‘பக்கம்’, ‘பட்டம்’ என்று பழகிய நாக்கால் இரட்டிக்கிறோம். ஆனால் கூட்டுச்சொல்லின் மூட்டில் ஒரே மெய் இரு பக்கமும் வந்தால் ஆங்கிலத்திலும் அது உண்மையாகவே நீளும். கணக்கு எழுதுபவருக்கான ‘புக்-கீப்-பர்’ நல்ல உதாரணம். அதன் எழுத்துக்கூட்டலில் ஓ இரண்டு, கே இரண்டு, ஈ இரண்டு என மூன்று இரட்டைகள் அடுத்தடுத்து வரும். மூட்டில் உள்ள க்-கை நீட்டிப் பிடித்து ஒரே தடவை விட வேண்டும். நடுவில் மூச்சு விட்டு ‘புக்… கீப்பர்’ என்று சொன்னாலும் தப்பு, ஒற்றைக் க் போட்டாலும் தப்பு. தமிழ்ப் ‘பக்கம்’ என்பதில் வரும் அதே க்க்-தான் வேண்டியது. ‘ரூம்-மேட்’டில் ம்-மையும், ‘லாம்ப்-போஸ்ட்’டில் ப்-பையும், ‘பஸ்-ஸ்டாப்’பில் ஸ்-ஸையும் அப்படியே நீட்டுங்கள். பிற மொழிக்காரர்கள் திணறும் இடத்தில் நமக்கு இலவசமாகக் கிடைத்த வசதி இது.

மூட்டில் மெய்கள் தேய்வதும் மாறுவதும் உண்டு. கைப்பை சாதாரணப் பேச்சில் ‘ஹாம்-பாக்’ ஆகிவிடும். நடுவிலிருந்த ட் விழுந்து, ன், அடுத்து வரும் ப-வுக்கு இணங்கி ம் ஆகிறது. ‘மரம்’ என்பது ‘மரங்கள்’ ஆகும்போது ம், ங் ஆனதே, அதே நியாயம். தபால்காரர் ‘போஸ்-மன்’ ஆவதும், தாத்தா ‘கிராம்-பா’ ஆவதும் இந்த வகை. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து ஒவ்வொரு மெய்யையும் அழுத்தி உச்சரிப்பது, ‘மரம்கள்’ என்று பேசுவதைப் போலத்தான் கேட்கும்.

வரி முடிவில் சொல்லை உடைத்து எழுத வேண்டியிருந்தாலும் மூட்டில்தான் உடைக்க வேண்டும். அமெரிக்க வழக்கம் ஒலியைப் பார்த்து உடைக்கும், பழைய பிரிட்டிஷ் வழக்கம் சொற்பிறப்பைப் பார்த்து உடைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கூட்டுச்சொல்லின் மூட்டில் பெரும்பாலும் இருவரும் கைகுலுக்கிவிடுவதால் நமக்குக் கவலை இல்லை. ஏற்கெனவே நடுவில் கோடு உள்ள சொல் என்றால் அந்தக் கோட்டிலேயே உடையுங்கள், இன்னொரு கோடு சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: அழுத்தம் என்றால் கத்துவது இல்லை

அழுத்தம் பெறும் அசை நான்கு வகையில் தனித்துத் தெரியும். குரல் மேலே ஏறும் அல்லது மேலிருந்து இறங்கத் தொடங்கும், ஒலி நீளும், கொஞ்சம் உரக்கக் கேட்கும், உயிரொலி தெளிவாக இருக்கும். இதில் உரப்பு கடைசிப் பட்சம். நாமோ முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறோம்.

நீளத்திலும் நமக்கு ஒரு கண்ணி உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். பல் வேறு, பால் வேறு. ஆகவே ‘நீட்டுங்கள்’ என்றதும் ‘ஷிப்யார்ட்’ என்பதன் முதல் இகரத்தை நெடிலாக்கி, கப்பல் கட்டும் இடத்தை ஆட்டுத் தொழுவமாக்கிவிடுவோம். அதனால் நான் சொல்வது: குரலின் ஏற்ற இறக்கத்தை முதலில் பிடியுங்கள், நீளம் தானாக வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். ˈகிரீன்ஹவுஸ் என்று சொல்லும்போது ‘கிரீன்’ என்பதில் குரலை ஏற்றி அங்கேயே இறக்கிவிடுங்கள். ‘ஹவுஸ்’ தரையோடு தரையாக, தாழ்ந்த குரலில் வரட்டும். ஆனால் அதை விழுங்கக் கூடாது, ‘ஹவுஸ்’ என்ற உயிரொலி முழுசாகக் கேட்க வேண்டும். இப்போது பச்சை வீடு: கிரீன் ˈஹவுஸ். ‘கிரீன்’ நடுத்தரமாக நிற்கும், ‘ஹவுஸ்’ என்பதில் குரல் ஏறி இறங்கும். வாயை மூடி இரண்டையும் முனகுங்கள். முதலாவது மேடு-பள்ளம். இரண்டாவது சமதளம்-மேடு. முனகலிலேயே இரண்டும் வேறு வேறாகக் கேட்டால் வேலை முடிந்தது. கேட்கவில்லை என்றால் சொற்களைத் தொடாதீர்கள், முனகலையே இன்னும் சில தடவை செய்யுங்கள். இந்தப் படியில் கஞ்சத்தனமாக நேரம் செலவிட்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் காகித விதிகளாகவே இருக்கும்.

நான்காம் படி: பெயரா, வருணனையா?

பெயர்ச்சொல்லாக வரும் கூட்டுச்சொல்லுக்குப் பொது விதி, அழுத்தம் நிலைமொழியில். பெயரடையும் பெயரும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தொடருக்கு, அழுத்தம் வருமொழியில். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இது ஒரு பொருளின் பெயரா, அல்லது பொருள் எப்படி இருக்கிறது என்ற வருணனையா?

ˈபிளாக்பேர்ட் என்பது ஒரு பறவை இனத்தின் பெயர். அதில் பெண் பறவை பழுப்பு நிறம். ஆக, பழுப்பாக இருக்கும் ˈபிளாக்பேர்ட் உண்டு. பிளாக் ˈபேர்ட் என்றால் காகம் உட்பட எந்தக் கறுப்புப் பறவையும் ஆகலாம், ஆனால் கறுப்பாக இருந்தே தீர வேண்டும். ˈபிளாக்போர்டும் பச்சையாக இருக்கலாம். ˈடார்க்ரூம் புகைப்படம் கழுவும் அறை, டார்க் ˈரூம் விளக்கில்லாத அறை. ˈஹை சேர் குழந்தை உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி, ஹை ˈசேர் உயரமான எந்த நாற்காலியும்.

சந்தேகம் வந்தால் முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி டார்க் ரூம்’ பொருந்தினால் அது வருணனை. புகைப்பட அறையை ‘மிகவும் டார்க்ரூம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ˈஇங்கிலீஷ் டீச்சர் என்பவர் ஆங்கிலப் பாடம் நடத்துபவர், எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். இங்கிலீஷ் ˈடீச்சர் என்பவர் இங்கிலாந்துக்காரர், கணக்குப் பாடமும் நடத்தலாம். இந்த ஜோடி வேலைக்கான நேர்காணலிலேயே குழப்பும்.

‘இங்’ என்று முடியும் நிலைமொழிக்கும் இதே கேள்விதான், கொஞ்சம் வேறு உருவில். ˈஸ்லீப்பிங் பில் தூங்குவதில்லை, தூங்க வைக்கிறது. பயன்பாட்டைச் சொல்வதால் முன்னால் அழுத்தம். ஸ்லீப்பிங் ˈசைல்ட் தூங்கும் குழந்தை. வேலையை வருமொழியே செய்வதால் பின்னால் அழுத்தம். ˈஸ்விம்மிங் பூல், ˈவாஷிங் மெஷின் எல்லாம் முதல் வகை.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். சேர்த்து எழுதுவதா, இடைவெளி விடுவதா, நடுவில் கோடு போடுவதா என்பது அவரவர் பழக்கம். ˈபஸ் ஸ்டாப், ˈகிரெடிட் கார்ட் இரண்டையும் பிரித்துத்தான் எழுதுகிறார்கள், அழுத்தம் என்னவோ முன்னால்தான்.

ஐந்தாம் படி: விதி திரும்பும் இடங்கள்

பெயராகவே இருந்தும் வருமொழியில் அழுத்தம் பெறும் கூட்டங்கள் சில உண்டு. நிலைமொழி, பொருள் எதனால் ஆனது என்று சொன்னால் அழுத்தம் பின்னால் போகும். காட்டன் ˈஷர்ட், பேப்பர் ˈபேக், ஆப்பிள் ˈபை. காகிதத்தால் ஆன பை பேப்பர் ˈபேக். ஆனால் காகிதத்தைப் பிடிக்கும் கவ்வி ˈபேப்பர் கிளிப். இங்கேயும் ஒரு முரண்டு பிடிக்கும் கூட்டம் இருக்கிறது: கேக்கும் ஜூஸும். சாக்லேட்டால் செய்தாலும் ˈசாக்லேட் கேக், ஆப்பிளைப் பிழிந்தாலும் ˈஆப்பிள் ஜூஸ். ஏன் என்று கேட்டால் அந்த மொழிக்காரர்களுக்கும் பதில் தெரியாது.

இடத்தையும் காலத்தையும் சொல்லும் நிலைமொழிகளில் பலவும் அழுத்தத்தைப் பின்னுக்குத் தள்ளும். கிச்சன் ˈசிங்க், டவுன் ˈஹால், சம்மர் ˈஹாலிடே.

தெருப்பெயர்கள் எனக்குப் பிடித்த விசித்திரம். ‘ஸ்ட்ரீட்’ என்று முடிந்தால் மட்டும் முன்னால் அழுத்தம், ரோடு, லேன், அவென்யூ, ஸ்கொயர் என வேறு எதில் முடிந்தாலும் பின்னால். லண்டனில் ˈஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டும் ˈடவுனிங் ஸ்ட்ரீட்டும் முன்னால் அழுந்த, பக்கத்திலேயே பார்க் ˈலேனும் டிரஃபால்கர் ˈஸ்கொயரும் பின்னால் அழுந்தும். நியூயார்க்கில் ஃபிஃப்த் ˈஅவென்யூ. வழி கேட்கும்போது இது சரியாக வந்துவிட்டால் எதிரே நிற்பவர் முகத்திலேயே தெரியும்.

பெயரடையாக வரும் கூட்டுச்சொற்களில் ‘ஈடி’ ஈற்றுக்காரர்கள் பின்னால் அழுந்துவார்கள்: ஓல்ட்-ˈஃபேஷண்ட், பேட்-ˈடெம்பர்ட். ஆனால் இவையே ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் அழுத்தம் நழுவி முன்னால் வந்துவிடும். ‘அவர் பேட்-ˈடெம்பர்ட்’, ஆனால் ‘ஒரு ˈபேட்-டெம்பர்ட் ˈமேன்’. இரண்டு கனமான அழுத்தங்கள் ஒட்டி ஒட்டி நிற்பது ஆங்கிலத்துக்குப் பிடிக்காது, ஒன்று விலகி இடம் விடும். ஆஃப்டர்ˈநூன் என்பது ˈஆஃப்டர்நூன் ˈடீ ஆவதும் இதனால்தான். இவற்றோடு ˈஹோம்சிக், ˈவாட்டர்ப்ரூஃப் போன்றவற்றைக் கலந்துவிடாதீர்கள். நிலைமொழி பெயராக இருக்கும் அந்த வகை முன்னாலேயே அழுந்தும். ‘செல்ஃப்’ முன்னால் வந்தால் அழுத்தம் அடுத்த சொல்லுக்குப் போகும்: செல்ஃப்-கன்ˈட்ரோல்.

ஆறாம் படி: வினையா, பெயரா?

கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தினசரித் தேவை. லாக் ˈஇன் செய்வது வினை. அதற்குப் போடும் பெயர் ˈலாகின். பேக் ˈஅப் எடுப்பது வினை, எடுத்து வைத்தது ˈபேக்கப். விமானம் டேக் ˈஆஃப் ஆகும், அந்த நிகழ்ச்சி ˈடேக்ஆஃப். வண்டி பிரேக் ˈடவுன் ஆனால் அது ஒரு ˈபிரேக்டவுன். எழுத்திலும் வினையைப் பிரித்தும் பெயரைச் சேர்த்தும் எழுதுவது வழக்கம் என்பதால், காது சரியாகிவிட்டால் எழுத்தும் சரியாகும். விலகி நிற்பவர்கள் இரண்டு பேர்: இரண்டாம் இடம் பெற்ற ரன்னர்-ˈஅப், வழிப்போக்கரான பாஸர்-ˈபை. இரண்டும் பெயர்தான், ஆனாலும் பின்னால்தான் அழுத்தம்.

‘ஓவர்’, ‘அண்டர்’ என்று தொடங்குபவையும் இப்படியே. ஓவர்ˈலுக், அண்டர்ˈஸ்டாண்ட் வினைகள். ˈஓவர்கோட், ˈஅண்டர்வேர் பெயர்கள். நீர் ஓவர்ˈஃப்ளோ ஆகும், வழிந்தோடும் குழாய்க்கு ˈஓவர்ஃப்ளோ என்று பெயர்.

ஏழாம் படி: தேய்ந்துபோன வருமொழிகள்

இதுவரை வருமொழியை விழுங்காதீர்கள் என்றேன். இப்போது விழுங்க வேண்டியவை. நெடுங்காலம் புழங்கிப் புழங்கி, இது கூட்டுச்சொல் என்பதே மறந்துபோன சொற்களில் வருமொழியின் உயிரொலி மங்கி, அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே ஒரு சோம்பலான ஒலியாகிவிடும். தமிழுக்கு இது புதிது இல்லை. ‘நாடு’, ‘காசு’ என்பவற்றின் கடைசி உகரம் ஒரு மாத்திரையில் பாதியாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று படித்திருக்கிறோம். இதழைக் குவிக்காமலேயே அதைச் சொல்லிவிடுகிறோம். அந்த அளவுக்குத்தான் முயற்சி வேண்டும்.

அலமாரிக்கான சொல் கப், போர்ட் இரண்டும் சேர்ந்தது. நான் பல வருடங்கள் அதைக் ‘கப்-போர்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தொலைபேசியில் எதிர்முனைக்காரர், கோப்பைகளை அடுக்கும் பலகையா என்று அப்பாவியாகக் கேட்டார். அவர்கள் சொல்வது ˈக-பட். ‘கபடம்’ என்னும்போது ப மெலிகிறதே, அந்த ஒலி. ‘போர்ட்’ என்பதன் சாயலே அதில் இல்லை. காலை உணவான ˈபிரெக்-ஃபஸ்ட்டில் பட்டினியை முறிப்பது என்ற பொருள் ஒளிந்திருக்கிறது, ‘பிரேக்’ குறிலாகிவிட்டது. ஆடு மேய்ப்பவரான ˈஷெ-பர்டில் ஷீப்பும் ஹெர்டும் இருக்கின்றன, மூட்டிலிருந்த ஹகரம் செத்தேபோனது. முன்பு சொன்ன மூட்டு விதி இங்கே செல்லாது என்பதைக் கவனியுங்கள். மூட்டே கரைந்துவிட்டது.

‘மேன்’ என்று முடியும் பழைய தொழிற்பெயர்களில் அது ‘மன்’ போலத் தேயும்: ˈபோஸ்ட்மன், பொˈலீஸ்மன். இதனால் ஒருமையும் பன்மையும் காதில் ஒன்றாகவே விழும். எழுத்தில்தான் வேறுபாடு. ஆனால் ˈபேட்மேன், ˈஸ்னோமேன் போன்றவற்றில் ‘மேன்’ முழுசாக இருக்கும். ஊர்ப்பெயர்கள்தான் இந்தத் தேய்மானத்தின் பொருட்காட்சி. ˈஆக்ஸ்-ஃபட், ˈபோர்ட்ஸ்-மத், ˈபர்-மிங்-அம். ‘மவுத்’ என்றும் ‘ஹாம்’ என்றும் எழுத்தில் இருப்பதை நம்பிப் படித்தால் உள்ளூர்க்காரருக்குப் புரியச் சில நொடிகள் ஆகும். இங்கிலாந்தின் ‘லாண்ட்’டும் ˈஇங்-லண்ட் ஆகத் தேய்ந்ததுதான்.

எட்டாம் படி: மூன்று சொற்கள் சேர்ந்தால்

இங்கேதான் அழுத்தம் தன் முழு வித்தையையும் காட்டும். லைட், ஹவுஸ், கீப்பர் என்று மூன்று சொற்கள். ˈலைட்ஹவுஸ் கீப்பர் என்றால் கலங்கரை விளக்கத்தைக் காப்பவர். லைட் ˈஹவுஸ்கீப்பர் என்றால் எடை குறைந்த வீட்டுப் பராமரிப்பாளர். மூன்று சொல்லிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை, யார் யாரோடு முதலில் சேர்ந்தார் என்பதுதான் மாறியது.

செய்முறை இதுதான். முதலில் எந்த இரண்டு சொற்கள் ஜோடி என்று பாருங்கள். முதல் இரண்டும் ஜோடி என்றால் அழுத்தம் முதல் சொல்லில் விழும். பின் இரண்டும் ஜோடி என்றால் அந்த ஜோடியின் முதல் சொல்லில், அதாவது நடுச்சொல்லில் விழும். கிச்சன், டவல், ராக் என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் துண்டுகளை மாட்டும் சட்டம் என்றால் ˈகிச்சன் டவல் ராக். சமையலறையில் இருக்கும் துண்டு மாட்டும் சட்டம் என்றால் கிச்சன் ˈடவல் ராக். நான்கு சொல், ஐந்து சொல் வந்தாலும் உள்ளே இருக்கும் ஜோடியிலிருந்து வெளியே வர வேண்டும். அலுவலக ஆவணங்களில் வரும் நீண்ட பெயர்களைப் பென்சிலால் ஜோடி ஜோடியாக வட்டமிட்டுவிட்டு அப்புறம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நன்றாக வரும்.

ஒன்பதாம் படி: அகராதியும் காதும்

மூன்று எச்சரிக்கைகள். ஒப்பிட்டுப் பேசும்போது மேலே சொன்ன எல்லா விதிகளும் தள்ளுபடி. ‘நான் கேட்டது பேக் இல்லை, பாக்ஸ்’ என்று திருத்தும்போது எதைத் திருத்துகிறோமோ அதில்தான் அழுத்தம் விழும். இடைவெளி விட்டு எழுதும் கூட்டுச்சொற்கள் பல அகராதியில் தனிப் பதிவாக இருக்காது. அப்போது நான்காம் படிக் கேள்வியும் ஐந்தாம் படிப் பட்டியலும்தான் துணை.

அப்புறம், பிரிட்டனும் அமெரிக்காவும் சில சொற்களில் பிரிந்து நிற்கும். வார இறுதியைப் பிரிட்டிஷார் பெரும்பாலும் வீக்ˈஎண்ட் என்பார்கள், அமெரிக்கர்கள் ˈவீக்எண்ட் என்பார்கள். ஐஸ்கிரீமும் அப்படியே இரண்டு விதமாகவும் கேட்கும். இப்படி இரண்டு உச்சரிப்புகளையும் அகராதி கொடுத்திருந்தால், நீங்கள் அதிகம் பேச வேண்டியவர் எப்படிச் சொல்கிறாரோ அதையே எடுத்துக்கொண்டு, தினம் ஐந்து சொற்களை முதலில் முனகி, பிறகு சொல்லி, கைபேசியில் பதிந்து கேளுங்கள். பதிவில் மேடும் பள்ளமும் கேட்காத சொல்லை மட்டும் மறுநாள் பட்டியலில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.